கண்மலர்

“எண்பதுக்கு மேல போனா மட்டுந்தாண்ணே. சீட்டுக்கு அடியில யாரோ ஒக்காந்து முனங்குற மாதிரி இருக்கு” என்றான் சரவணக்குமார்.

இலுப்பூர் ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு கார் இதுவரை நின்றதில்லை. ரத்தச் சிவப்பு, தரையோடு தரையான உயரம், தொட்டால் பறக்கிற இன்ஜின். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரவணக்குமாருக்குப் பெருமைதான். ஆனால் பெருமையைவிடப் பயம் அதிகம். கூட வந்திருந்த திருமுருகன், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஹரிணியின் அண்ணன். பெண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டிய ஆள். வருகிற வழியில் கார் உதறிய உதறலில் அவர் முகமே சுருங்கிவிட்டது.

“பழைய வண்டி கிண்டி வாங்கிட்டீங்களா மாப்பிள்ளை?”

“என்ன மச்சான் நீங்க! ரெண்டு வருசம் முன்னாடி ஷோரூம்ல நானே போயி எடுத்தது.”

மெக்கானிக் இருளாண்டி காரைக் குழிக்கு மேலே நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் குழிக்குள் இறங்கினார். அதற்கப்புறம் அவர் குரல் மட்டும்தான் மேலே வந்தது.

“பின் சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஷாஃப்டுதான் தம்பி அதிருது. ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடுனாலும் இப்படித்தான் ஒதறும்.”

“எடை எப்படிண்ணே கூடும்?”

“துணி சுத்தியிருக்கு.”

ஷாஃப்டைக் கழற்றினார். கிரீஸும் புழுதியும் ஏறி இறுகிப்போயிருந்த துணியைக் கத்தியால் அறுத்து எடுத்தார். சேலைத் தலைப்பு. துடைத்ததும் மஞ்சள் நிறம் தெரிந்தது. நுனியில் கனமாக ஒரு முடிச்சு.

முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கையில் இரண்டு கண்கள் விழுந்தன.

வெள்ளிக் கண்மலர். கண் குணமாக வேண்டுமென்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு செலுத்துவது. வெல்டிங் பொறி பட்டு இருளாண்டிக்குக் கண் போகவிருந்த சமயத்தில், நார்த்தாமலைப் பூச்சொரிதலுக்குக் கொண்டுவந்து போடுகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டவள் அவர் மனைவி மூக்காயி. போன பங்குனியில் அதைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மஞ்சள் சேலை கட்டி நடந்தே போனாள். கோயிலுக்குத் திரும்புகிற வளைவில் அவளை அடித்து இழுத்துப்போட்ட வண்டி நிற்கவே இல்லை. என்ன வண்டி என்றும் இன்றுவரை தெரியவில்லை. கிடைத்த உடம்பில் சேலைத் தலைப்பு மட்டும் இல்லை.

அவர் கண் பிழைத்துவிட்டது. அந்தக் கண்ணால்தான் இப்போது இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளிக் கண்கள் இமைக்காமல் அவரையே பார்த்தன. அவருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

“தம்பி” என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. “இந்த வண்டிய ஒங்களைத் தவிர வேற யாரும் ஓட்டுவாங்களா?”

சரவணக்குமார் மச்சானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். “சாவிய எங்கப்பாகிட்டகூட குடுத்ததில்லண்ணே. எடுத்த நாள்லேர்ந்து என் கை மட்டுந்தான்.”

கீழே இருளாண்டி கண்மலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பங்குனியில, பூச்சொரிதலுக்கு ஊருக்கு வந்திருந்தீங்களா?”

“வராம? பெங்களூர்லேர்ந்து இதுலதான் வந்தேன். நார்த்தாமலை ரோட்டுல நூத்தி நாப்பதுன்னா பாத்துக்கங்க!”

“கூட்டமா இருந்திருக்குமே. யாரு மேலயும் படலையே?”

“நம்ம கை அப்படிண்ணே. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட பட்டதில்ல.”

திருமுருகன் முதல் தடவையாகச் சிரித்தார்.

குழிக்குள் இருளாண்டி ஷாஃப்டை எடுத்துப் பொருத்தினார். போல்ட்டுகளை விரலால் சுற்றிவிட்டார். விரலால் மட்டும். இறுக்குகிற ஸ்பேனர் காலடியில் கிடந்தது. குனிந்து அதை எடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

மேலே ஏறி வந்தபோது அவர் முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

“அதிர்வு போயிருச்சு தம்பி. தைரியமா மிதிங்க.”

“எவ்வளவுண்ணே ஆச்சு?”

“காசு வேணாம். வாங்குனா அவ கோவிச்சுக்குவா.”

எவள் என்று கேட்கிற நிலையில் சரவணக்குமார் இல்லை. திருமுருகன் அவன் தோளில் கை போட்டு, “வீட்டுல நான் சொல்லிர்றேன் மாப்பிள்ளை. ஆவணியில வச்சுக்குவோம். நான் இங்கிட்டே பஸ் ஏறிக்கிறேன், நீங்க கெளம்புங்க” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதும், ஆளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ரோட்டில் ஏறியதும் மிதித்தான். எண்பதைத் தாண்டியது. ஒரு உதறல் இல்லை, முனகல் இல்லை. கார் வெண்ணெயில் வழுக்குவது போலப் போனது. நூறைத் தொட்டதும் சந்தோஷம் தாங்காமல் புரோக்கர் கணபதிக்குப் போன் போட்டான்.

“கணபதியண்ணே, ஆவணியில கல்யாணம்! போன மாசந்தான் இந்த வண்டிய எனக்கு முடிச்சுக் குடுத்தீங்கன்னு மட்டும் எங்கயும் ஒளறிறாதீங்க. பங்குனியில பஸ்ல தொங்கிக்கிட்டு ஊருக்கு வந்தவன்ணே நான்!” என்று சிரித்தபடி, இன்னும் அழுத்தி மிதித்தான்.