மாடிப்படிக்குக் கீழே

"மூச்சு விடாதை. ஆள் சேர்க்க வந்திட்டினம்."

தவநாயகி மகளின் வாயைப் பொத்தி இருட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

சண்டைக் காலத்தில் வன்னியில் தம்பி றஜீவை இயக்கத்துக்குக் கூட்டிப் போனவர்களும் இப்படித்தான் வாசலில் வந்து நின்றார்கள். அன்று அவள் ஷெல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கர் குழிக்குள் பதுங்கியிருந்தாள். தம்பி திரும்பி வரவில்லை.

லண்டனில், செவன் கிங்ஸில் வீடு பார்த்தபோது மற்றவர்கள் தோட்டத்தைப் பார்த்தார்கள். தவநாயகி மாடிப்படிக்குக் கீழே இருந்த இந்தச் சின்ன அறையைப் பார்த்துத்தான் ஓம் என்றாள். தூசி உறிஞ்சும் ஹூவரும் அரிசி மூட்டையும் போக, இரண்டு பேர் குந்தியிருக்க இடம் இருந்தது.

இது லண்டன் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுச் சிவமலர் போனில் சொன்னதும் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு இங்கே ஓடிவந்துவிட்டாள். "அக்கா, ரண்டு பேர் கயிறோடை நிக்கினம். ஆள் சேர்க்கிறமெண்டு சொல்லி உங்கட வீட்டை விசாரிச்சவை."

தக்ஷிகா அம்மாவின் கையை மெல்ல விலக்கினாள். "அம்மா, அது என்ர யூனிவசிற்றி கிளப். குகைக்குள்ளை போற ஆக்கள். நான் போன வருசமே சேர்ந்திட்டன்."

தவநாயகிக்குப் பயம் குறையவில்லை, கூடியது. "நிலத்துக்குக் கீழையோ? நாங்கள் பங்கருக்குள்ளை கிடந்தது போதாதே? வெள்ளைப் பிள்ளையளுக்கு அது விளையாட்டு."

"கிளப்பிலை எங்கட ஆக்கள் எண்டு நான் மட்டும்தான் அம்மா. ஆரைக் கேட்டாலும், அம்மா விடமாட்டா எண்டுதான் சொல்லினம்."

"நானும் விடமாட்டன்." வெளியே கதவைத் தட்டினார்கள். தவநாயகி மகளை இறுக அணைத்துக்கொண்டாள். "ஜன்னலாலை பாத்தனான். ஒருத்தி புதுச் சப்பாத்து ஒரு சோடி வைச்சிருக்கிறாள். உனக்குத்தானே?"

"அது எனக்குச் சின்னனம்மா."

தவநாயகியின் காதில் அது விழவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. "ஒருத்தனைக் குடுத்தது போதும். உன்னைக் குடுக்க ஏலாது. நீ வீட்டிலை இல்லையெண்டு போய்ச் சொல்லப்போறன்."

"சொல்லுங்கோ." தக்ஷிகா இருட்டில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். "ஆனா, ஒரு அம்மா வந்தா மற்ற அம்மாமாரும் பிள்ளையளை விடுவினம் எண்டு, அவை சேர்க்க வந்தது உங்களை."