யார் பக்கம்

நான் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரலாமே என்று டாக்டரம்மா சொன்னார்.

மாட்டேன் என்றேன். வீட்டு விஷயம் பேசும்போது வெளியே உட்காருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கியே வளர்ந்தவள் நான்.

அவர் வற்புறுத்தவில்லை. நான்கு மாத வயிற்றோடு அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்கா மகனுக்கு ஃப்ராஜைல் எக்ஸ். பேச்சு சரியாக வரவில்லை, யார் முகத்தையும் பார்க்கமாட்டான், சத்தம் கேட்டால் கையை உதறுவான். பிறவியிலேயே வருவது. யார் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க அப்பா, அம்மா, அக்கா மூவரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள்.

நான் கொடுக்கவில்லை. ஊரில் உள்ளதையெல்லாம் கேட்பேன், இதை மட்டும் கேட்கமாட்டேன். எனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த ‘இல்லாமலும்’ எனக்கு வேண்டியிருந்தது.

யார் பக்கம் என்பதில் எங்கள் வீட்டில் சந்தேகமே இல்லை. அம்மா பக்கம்தான். மாமா ஐந்து வயதில்தான் வாயைத் திறந்தாராம், அது போதாதா? அக்காவின் மாமியார் சொல்லிக்காட்டுவார், அப்பா ஒத்து ஊதுவார். அம்மா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

டாக்டரம்மா முடிவைச் சொன்னார். அம்மாவிடம் ஒன்றும் இல்லை. அப்பாவிடம் இருக்கிறது.

அப்பாவிடம் சும்மா இருந்தது அக்காவுக்குப் போயிருக்கிறது. அக்காவிடமிருந்து பையனுக்குப் போகும்போது பெரிதாகிவிட்டது. அக்காவுக்கு முப்பத்து நான்கு வயதிலேயே மாதவிலக்கு நின்றதற்கும் இதுதான் காரணமாம். இதைச் சுமந்து வருகிற பெண்களில் சிலருக்கு அப்படி ஆகுமாம். கவலையில் நின்றுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அம்மா அழுதாள். பிறகு சின்னதாகச் சிரித்தாள். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்காக அப்பாவை ஒரு பிடி பிடிக்கவேண்டும் போலிருந்தது. அப்படியென்றால் இங்கே வராத என் அண்ணனுக்கும் இருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். இருக்காது என்றார். இந்தக் குறை இருப்பது எக்ஸ் குரோமோசோமில்; ஆணிடம் அது ஒன்றுதான் உண்டு, மகனுக்கு அது போகாது.

பார்த்தாயா, இதிலும் அவன் நழுவிவிட்டான் என்று அக்காவை முழங்கையால் இடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அப்பாதான் மெல்லத் தலை தூக்கினார்.

“எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான்னா, ரெண்டு பொண்ணுக்கும் அதைத்தானே குடுத்திருப்பேன்?”

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அம்மா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காமலே எனக்கும் முடிவு வந்துவிட்டது.

பயமாக இருந்தது. அழப்போனேன். அதற்குள் கேள்வி முந்திக்கொண்டது.

“உள்ள இருக்கற இதுக்கு எப்ப பாக்கலாம், டாக்டர்?”