மச்சானுக்கு ஏத்த கிளட்ச்

"இது ரேஸ் கிளட்ச் சார். டர்போ எவ்வளவு இழுத்தாலும் வழுக்காது. ஆனா மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். இந்த வண்டி பழகாதவங்க எடுத்தா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நிக்கும்" என்றார் மெக்கானிக்.

"கண்டிப்பா நிக்குமா?"

"கேட்டைக்கூடத் தாண்டாது."

"அப்ப இதையே மாட்டுங்க!"

மெக்கானிக் முழித்தார். ஞாயிறானால் காரைக் கேட்டு வந்து நிற்கும் மச்சானைப் பற்றி கார்க்காரன் அவரிடம் எப்படிச் சொல்வான்? மனைவியின் தம்பி, முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால் வீடு ரெண்டாகிவிடும். மனைவியால் அந்தத் தொல்லை இல்லை. "அந்தக் காரை நான் ஓட்டுறதா? ஐயோ, பார்த்தாலே பயமா இருக்கு" என்பாள்.

ஞாயிறு வந்தது. மச்சானும் வந்தான்.

"மாமா, சாவி?"

"தாராளமா எடுத்துக்க மச்சான்!"

அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், வாசலிலேயே குலுங்கி நின்றான். மறுபடி குலுங்கி நின்றான். மாடி ஜன்னலில் நின்று பார்த்த கணவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நகருடா, மானத்த வாங்காத!"

தம்பியை இடம் மாற்றிவிட்டு மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய், தெருமுனையில் சீறித் திரும்பியது.

வந்ததும் சாவியை நீட்டினாள்.

"புது கிளட்ச் சூப்பருங்க! பழசு நாலாவது கியர்ல வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. நீங்க ஆபீஸ் பஸ் ஏறினதும் தினமும் நான்தான் எடுப்பேன், அதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சேன்!"