அடுப்புக்குப் போன கட்டை

"எரிச்சாச்சு" என்றார் மர மில் முதலாளி, பல் குத்திக்கொண்டே.

காளான் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதை சார்?"

"அந்த உளுத்த கட்டையைத்தான். அடுப்புக்குப் போயிடுச்சு."

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அவளுக்குக் 'காளான் டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்ததே மாணவர்கள்தான். மில்லின் பின்பக்கம் மட்கிக் கிடந்த அந்த ஒரு கட்டையில்தான் பவள நிறக் காளான் முளைத்திருந்தது. வேறெங்கும் பல வருஷமாக யார் கண்ணிலும் படாதது. போன மாசம் பேப்பரில் அதைப் பற்றி அவள் எழுதியபோது எல்லோரும் பாராட்டித் தள்ளினார்கள்.

"தொடாதீங்கன்னு கெஞ்சிட்டுப் போனேனே! தலையை வேற ஆட்டினீங்களே!"

"இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சும்மா."

"நீங்கெல்லாம் மனுஷரா? ஒரு இனத்தையே பூண்டோட அழிச்சிட்டீங்களே! உங்களுக்கு மரம்னா பலகை, அவ்வளவுதான்!"

 முதலாளி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

வாசலில் பையோடு நின்றிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பைக்கைக் கிளப்பிப் போனார்கள். சத்தம் ஓயும்வரை முதலாளி காத்திருந்தார்.

"இப்ப வாங்க."

பின்பக்கம் ஆளுயரத்துக்குப் பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன. இரண்டை நகர்த்தினார்.

உள்ளே அதே கட்டை, கிடந்த இடத்திலேயே. மேலே நிழலுக்கு ஈரச் சாக்கு. ஓரமெல்லாம் பவளக் காளான்கள். நடுவில் மொட்டு மொட்டாகப் புதுசுகளும் தலைநீட்டியிருந்தன.

அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"பின்ன ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"பேப்பர்ல படம் போட்டீங்க, சரி. மில் பேரு, வர்ற வழி எல்லாமா போடுறது? மறுநாளே கத்தியும் பையுமா வந்துட்டாங்க. ஒருத்தர் வைத்தியத்துக்குங்கறார், ஒருத்தர் வீட்டுல அழகுக்கு வைக்கங்கறார். கண் அசந்த நேரத்துல நாலைப் பிடுங்கிட்டாங்க. அன்னைக்கே எரிச்சாச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சேன்."



"அப்ப... வழி காட்டினதே நான்தானா?"

"விடுங்க டீச்சர். இப்ப வந்த ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. நீங்க போகும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா என்னைத் திட்டிட்டுப் போங்க. எதிர்க் கடைக்காரருக்கு இன்னும் சந்தேகம் தீரல!"