பக்கத்துக்குப் பக்கம் பூட்டு

"நினைவகத்துல ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாப் பார்த்துப் பூட்டாதவன் ஆபரேட்டிங் சிஸ்டம் கர்னலைத் தொடவே தகுதியில்லாதவன்" என்று சேவுகப்பெருமாள் கல்லூரிக் கணினி லேபின் நடுவில் நின்று பிரகடனம் செய்கிறான். காரைக்குடி மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து கீபோர்டுத் தூசியில் படுத்துக் கிடக்கிறது. மின்விசிறி கடமைக்குச் சுற்றுகிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டி, அதன் நினைவகத்தில் 'பக்கம்' எனப்படும் துண்டுகளில் எது அதற்கு மட்டும் சொந்தம், எது வெளிக் கணினிக்கும் பொது என்று குறிப்பதுதான் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். செட்டிநாட்டு வீட்டில் வளவு என்கிற நடுமுற்றம் எல்லாருக்கும் பொது, அறைச் சாவி மட்டும் அந்தந்தப் பங்காளியிடம் என்பதுபோல. பக்கத்து இருக்கை ரோகிணி ஒரே வரியில் எல்லாப் பக்கத்தையும் பொதுவாக்கிவிட்டுச் சீடை கொறிக்கிறாள். "வீட்டைக் கட்டிட்டுக் கதவே வைக்கலையாடி?" என்கிறான் அவன். "என்னோடது ஓடுதுல்ல? உன்னோடது பூட்டுன வீட்டுக்குள்ளயே மயங்கிக் கெடக்கு, அங்குட்டுப் பாரு" என்கிறாள் அவள். அவன் திரை மறுபடியும் கறுத்துப்போயிருக்கிறது. எந்தப் பக்கத்தைத் தப்பாகப் பூட்டினோம் என்று காலையிலிருந்து தேடியதில் கண்கள் மிளகாய் நிறத்தில் இருக்கின்றன. நான் கொட்டாவி விடுகிறேன், அவனும் விடுகிறான். வராந்தாவில் ஷூ சத்தம் கேட்கிறது. "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாராகடா. ஓடலைன்னா அடுத்த வருசமும் உனக்கு இதே நாற்காலிதான்" என்கிறேன். சேவுகப்பெருமாள் மெதுவாக உட்கார்ந்து, திரையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொள்கிறான். எழுதியதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிறான். பிறகு ஒரே ஒரு வரி அடிக்கிறான். உள்ளே கிடந்த கணினி நிம்மதியாக எழுந்து உட்காருகிறது.