வேண்டாத புள்ளிகள்

"இந்த மூலையில மட்டும் எதுக்கு சார் இத்தனை முக்கோணம்? ஈ மொய்ச்ச மாதிரி!"

மேசையில் விரித்திருந்த துறைமுக வரைபடத்தில் விரல் வைத்தாள் நிர்வாக அதிகாரி. காலி செய்யப்போகும் பழைய கணிப்பொறி அறை அது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக இருவர் வந்திருந்தார்கள். நாற்பது வருடங்களுக்கு முன் கடலை முக்கோணங்களாகப் பிரித்து வரைந்த வரைவாளர் ஒருவர். அவற்றைக் கணிப்பொறிக்கு ஊட்டிய அம்மாள் இன்னொருவர்.

"தண்ணி எப்படி ஓடுதுன்னு எல்லா இடத்துலயும் கணக்குப் போட முடியாதும்மா" என்றார் வரைவாளர். "புள்ளி புள்ளியாத்தான் போடுவோம். நடுவுல இருக்கிறதை, சுத்தியிருக்கிற மூணு புள்ளியைக் கேட்டு ஊகிக்கணும். பொண்ணைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கிற மாதிரி. கிட்ட இருக்கிறவன் பேச்சுக்கு மதிப்பு ஜாஸ்தி."

"நேராப் பொண்ணையே கேட்டா ஆகாதாக்கும்!" என்றார் அம்மாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டினாள். "ஓட்டமே இல்லாத மூலை, நாலு புள்ளி போதுமாம். வேண்டாதது தொண்ணூறு இருக்குன்னு எங்க பொறியாளர்கள் அப்பவே எண்ணியிருக்காங்க. 'வரைவாளரின் கவனக்குறைவு'ன்னு போட்டு உங்க பதவி உயர்வையே நிறுத்தியிருக்காங்களே! தப்பான படத்தைப் புதுக் கட்டடத்துல எப்படி மாட்டுறது? கழிச்சுட வேண்டியதுதான்."

"வயசுக் கோளாறு. கை தவறிடுச்சு." வரைவாளர் சிரித்தார்.

அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். கல்யாணமாகி வேலையை விட்டுப் போனவருக்கு, உயர்வு நின்ற கதை இன்றுதான் தெரியும்.

"அவர் மேல பழி போடாதீங்க. வச்சவ நான். அவர் டீ குடிக்கப் போறப்பல்லாம், அவர் பேனாவாலேயே."

"நீங்களா? ஏம்மா?"

"புள்ளி கூடினா மெஷின் திணறும். அஞ்சு மணிக்கு முடியற கணக்கு ஏழு வரைக்கும் இழுக்கும். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேர்தான் காவல். மனுஷன் வாயைத் திறப்பார்னு பார்த்தேன். திறந்தார், முக்கோணத்தைப் பத்தி! வீட்டுல பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிட்டேன்."

பேரன் பேத்தி எடுத்த முகம் சிவந்துபோனது.

"அப்போ படம் சுவத்துக்குத்தான்!" அதிகாரி சிரித்தாள். "தொண்ணூறு புள்ளி வைக்க எத்தனை டீ ஆச்சு?"

"தொண்ணூறா?" அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் வச்சது முப்பதுதானே?"

கல்யாணமே செய்துகொள்ளாத வரைவாளர், யாரையும் பார்க்காமல், அவசர அவசரமாகப் படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.