இரண்டாம் தடவை பார்த்தவன்

அண்ணனின் செல்போனில் அந்தப் பழைய மல்யுத்த நிகழ்ச்சி ஓடுகிறது. ஜன்னல் வெயில் திரையில் விழாமல் அண்ணன் கையால் மறைத்துப் பிடிக்கிறான். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் இதன் கேசட்டைப் போட்டுத்தான் பந்தயம் கட்டினோம். எவனுடைய ஆள் தோற்கிறானோ அவன் பள்ளிக்கூடத்தை விட்டு மூட்டை தூக்க வேண்டும். "இப்பப் பாருடா, கூட்டாளியே பின்னாடி வந்து நாற்காலியால போடுவான்," என்று அண்ணன் சிரிக்கிறான். "அன்னைக்கு உன்கூடப் பார்த்தப்பவே எனக்கு இது ரெண்டாவது தடவை." விட்ட படிப்பை இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் பிடிக்கும் நான், உள்ளங்கைக் காய்ப்பைத் தடவுகிறேன். "சிவப்பு ஜட்டிக்காரனை எடுத்துக்கோன்னு நீதானேண்ணே சொன்னே?" அவன் சிரிப்பு நிற்கிறது. வெயிலை மறைத்த கை இறங்குகிறது. வெளுத்த திரையில் சிவப்பு ஜட்டிக்காரன், கூட்டாளி இருக்கிற தைரியத்தில், முதுகைக் காட்டி நிற்கிறான்.